முப்பத்தொன்றாம் தேதியின் முதல் நொடி

டிப்போவில் அவனுக்கு வைத்த பெயர் அட்வான்ஸ். பத்து மணி ரயிலுக்கு எட்டரைக்கே பிளாட்பாரத்தில் போய் நிற்கிற ஆள். மழைக்காலத்துக்கு முன்பே குடை வாங்குவான், மழை வருவதற்குள் அதைத் தொலைத்தும் விடுவான். கல்யாண நாள் பரிசைக்கூட ஒரு நாள் முன்பே மனைவி கையில் திணித்துவிடுவான். அவள் வாங்கி வைத்துக்கொண்டு, “சரி, நாளைக்கு என்ன உத்தேசம்?” என்று கேட்பாள். நாளைக்கு ஒன்றும் கிடையாது. அந்த வேலைதான் முடிந்துவிட்டதே.

நகரப் பேருந்து டிப்போவின் கணினி அறை அவன் பொறுப்பில் இருந்தது. யார் எந்த வண்டி, யாருக்கு என்று லீவு, யார் எந்த வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார் என்பதெல்லாம் ஒரு டேட்டாபேஸில் வரிசை வரிசையாகக் கிடக்கும். வேண்டியதைக் கேட்டு எடுக்கிற கட்டளைகளை எழுதுவது அவன் வேலை. நன்றாகத்தான் எழுதுவான். அது அவனுக்கும் தெரியும் என்பதுதான் மற்றவர்களுக்குச் சிரமம்.

அவன் மச்சினி அதே டிப்போவில் கண்டக்டர். மனைவியின் தங்கை. எந்தப் பலகையில் கடைசி நாள் என்று ஒரு தேதி எழுதியிருந்தாலும் அதைத் தனக்கு வந்த அழைப்பாக எடுத்துக்கொண்டு, சரியாக அன்றைக்குப் போய் நிற்பாள். அதற்கு முன்பு போக மாட்டாள். பின்பும் போனதில்லை. அவன் அவளுக்கு ‘கடைசி பஸ்’ என்று பெயர் வைத்திருந்தான். அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அக்கா வீட்டுக்கு வந்தபோது அவன் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்து, அடுத்த வருஷத்து லீவு அட்டவணையைப் போட்டுக்கொண்டிருந்தான். இந்த வருஷம் பாதிகூட ஓடவில்லை.

“வாம்மா கடைசி பஸ். டிபன் முடிஞ்சு பாத்திரமும் கழுவியாச்சு.”

“எனக்கு வேண்டாம் அத்தான்.” செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்றாள். “டிரைவர் டெஸ்ட்டுக்கு முடிவான பேரெல்லாம் ஒட்டிட்டாங்க. என் பேர் இல்ல.”

மனைவி சமையலறையிலிருந்து கத்தியோடு எட்டிப் பார்த்தாள்.

கண்டக்டர்களில் இருந்து சிலரை டிரைவர்களாக எடுக்க டிப்போவில் வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். அவளிடம் பெரிய வண்டிக்கான லைசென்ஸ் இருந்தது. அதற்காக ஒரு வருஷம் லாரிக்காரர் ஒருவரிடம் திட்டு வாங்கியிருக்கிறாள். வயது வரம்பில் இதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. அடுத்த வருஷம் கேட்டால், போய் டிக்கெட் கிழியுங்கள் என்பார்கள். ஓய்வு பெறும்வரை அதே டிக்கெட்தான்.

“லேட்டாப் போட்டிருப்பே,” என்றான் அட்வான்ஸ், திரையைவிட்டுக் கண் எடுக்காமல்.

“கடைசித் தேதி முப்பத்தொண்ணு. நான் போட்டது முப்பத்தொண்ணு.”

“முப்பத்தொண்ணா ஒண்ணா? நல்லா யோசிச்சுப் பாரு. உனக்கு அதெல்லாம் ஒரே நாள் மாதிரிதானே.”

“அன்னிக்கு உங்க கல்யாண நாள் அத்தான்! டிரிப்புக்கு நடுவுல ஓடிப்போய்க் கவுன்டர்ல குடுத்துட்டு, சாயந்தரம் கேக் வாங்கிட்டு இங்க வந்தேன். நீங்ககூட, ‘கல்யாண நாள் நேத்தே முடிஞ்சு போச்சே, கேக் எதுக்கு?’ன்னு கேட்டீங்க.”

“கேட்டாரு,” என்றாள் மனைவி. “கேட்டுட்டுப் பாதி கேக்கை அவரே தின்னாரு.”

“சரி. அப்படியே இருக்கட்டும். பேர் விட்டுப்போனா ஆட்சேபம் எழுதிக் குடுக்க இந்த மாசம் பத்து வரைக்கும் டைம் குடுத்தாங்களே, குடுத்தியா?”

“குடுத்தேனே.”

“என்னிக்கு?”

அவள் சுவரைப் பார்த்தாள். “பத்து.”

அட்வான்ஸ் இரண்டு கைகளையும் விரித்து, நீதிபதியிடம் காட்டுவது போல மனைவியிடம் காட்டினான். “பாத்துக்கோ. நான் ஒண்ணும் சொல்லல.”

“அதுக்குப் பதிலே வரல. நேத்து நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க, ‘ஆட்சேபம் எதுவும் வரவில்லை, பெயர்கள் இறுதி’ன்னு. புதன்கிழமை டெஸ்ட்.” தோளில் இருந்த பையை இறக்கி வைத்தாள். “கவுன்டர்ல கேட்டா, ‘லேட்டா வந்திருப்பீங்க மேடம்’னு சிரிக்கிறான். எனக்கே இப்ப சந்தேகமாயிருக்கு. லேட்டாத்தான் போனேனோ என்னவோ.”

கடைசியில் வருகிறவர்களிடம் இப்படி ஒரு பலவீனம் உண்டு. ஆயுள் முழுக்கத் திட்டு வாங்கிப் பழகியதால், தப்பு உன்மேல்தான் என்று யார் சொன்னாலும் நம்பிவிடுவார்கள்.

“ஏங்க,” என்றாள் மனைவி. கத்தி இன்னும் கையில் இருந்தது. “அந்தப் பொட்டியிலதானே எல்லாம் இருக்கு? தொறந்து பாருங்களேன்.”

“பாக்கலாமே. தேதி என்னன்னு அதுவே சொல்லட்டும். அப்புறம் அக்காவும் தங்கச்சியும் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.”

அவன் உற்சாகமாகவே திறந்தான். தான்தான் சரி என்று நிரூபிக்கக் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமை அடிக்கடி வருவதில்லை. மனுக்கள் இருக்கும் அட்டவணைக்குப் போய் அவள் எண்ணைத் தட்டினான். ஒற்றை வரி வந்தது. விண்ணப்பத் தேதிக் கட்டத்தில் முப்பத்தொன்று. பக்கத்திலேயே நேரம், மதியத்துக்குச் சற்று முன்பு.

“பாத்தீங்களா!” என்றாள் அவள், அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

“இரு, இரு.”

பெயர்களைத் தேர்ந்தெடுக்கும் கட்டளையைத் திறந்தான். அவனே எழுதியது. நேர்த்தியாக, இடைவெளி விட்டு, குறிப்போடு எழுதியது. விண்ணப்பத் தேதி முப்பத்தொன்றாகவோ அதற்கு முந்தியதாகவோ இருப்பவர்களைக் கொடு, என்றது அது. இதில் என்ன தப்பு? இன்னொரு தடவை படித்தான். மூன்றாவது தடவை படிக்கும்போது காது சூடாவது அவனுக்கே தெரிந்தது.

அந்தக் கட்டத்தில் முன்பெல்லாம் தேதி மட்டும்தான் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேனேஜர், எத்தனை மணிக்கு வந்தது என்றும் தெரிந்தால் நல்லது என்றார். அட்வான்ஸ் அன்று சாயந்தரமே கட்டத்தை மாற்றி, தேதியோடு நேரமும் பதிவாகும்படி செய்துவிட்டான். பெயரெடுக்கும் கட்டளையை மட்டும் தொடவில்லை. டேட்டாபேஸுக்கு ஊகிக்கத் தெரியாது. நேரம் சொல்லாமல் வெறும் தேதியை நீட்டினால், அந்த நாள் பிறக்கிற நள்ளிரவு நொடி என்று அதை எடுத்துக்கொள்ளும். முப்பத்தொன்று வரை என்று கேட்டால், முப்பத்தொன்று பிறந்த அந்த நொடி வரைக்கும்தான் கொடுக்கும். பொழுது விடிந்து கவுன்டர் திறந்து வருகிறவர்கள் எல்லோரும் அதன் பார்வையில் தாமதம்.

“என்னங்க, பேச்சையே காணோம்?”

அவன் சொன்னான். சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்தினான், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல.

மச்சினி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “இருங்க, எனக்குப் புரியுற மாதிரி கேக்குறேன். முப்பதாம் தேதி முடிஞ்சு ராத்திரி மணி பன்னண்டு அடிக்குது. அந்த நொடியில ஒருத்தர் வந்து மனுக் குடுத்தா?”

“அவர் மட்டும் உள்ள.”

“அப்பக் கவுன்டர் பூட்டியிருக்கும்.”

“ஆமா.”

“அப்ப, கடைசி நாள்னு நீங்க போர்டுல எழுதிப் போட்ட நாளு...”

“அது இல்ல,” என்றான் அட்வான்ஸ். “அப்படி ஒரு நாளே இல்ல.”

மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

“சோதிச்சுப் பாக்க மாட்டீங்களா அத்தான் இதையெல்லாம்?”

“பாத்தேன்!” என்றான் அவன், மானம் போன குரலில். பார்த்துத்தான் இருந்தான். சோதனைக்காகப் பொய் ஆட்களை உண்டாக்கி, பொய் மனுக்கள் போட வைத்திருந்தான். அந்தப் பொய் ஆட்கள் எல்லோரும் முதல் நாளோ இரண்டாம் நாளோ வந்துவிட்டார்கள். ஒரே ஒரு சோம்பேறி மட்டும் கெடு தாண்டி ஒரு வாரம் கழித்து வந்தான், அவனைக் கட்டளை சரியாகவே வெளியே தள்ளியது. கடைசி நாளில் ஓடிவருகிற மாதிரி ஒருத்தரை உண்டாக்க அவனுக்குத் தோன்றவே இல்லை. அவன் படைத்த மனிதர்கள் அவனைப் போலத்தானே இருப்பார்கள்.

“சரி, அது போகட்டும். நான் குடுத்த ஆட்சேபம் எங்க போச்சு?”

அவனுக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. போனான். ஆட்சேபங்களை எடுக்கும் கட்டளையும் அவன் எழுதியதுதான். எழுதியது என்றுகூடச் சொல்ல முடியாது, முந்தையதை அப்படியே நகல் எடுத்துத் தேதியை மாற்றியிருந்தான். பத்தாம் தேதி பிறந்த நொடியோடு அதுவும் கதவைச் சாத்தியிருந்தது. தேதித் தடையை நீக்கிவிட்டு அட்டவணை முழுவதையும் கொட்டச் சொன்னான்.

கொட்டியது. இந்த வருஷத்தது, போன வருஷத்தது, ஒரு பஸ்ஸை நிறுத்தி நிரப்பலாம் போல. கடைசி நாளில் மனுப் போட்டுப் பெயர் விடுபட்டவர்கள், ஆட்சேபத்தையும் கடைசி நாளில்தான் கொடுத்திருந்தார்கள். ஒருவர் பாக்கியில்லை.

“அய்யோ, இது ஏழாம் நம்பர் பஸ் கண்டக்டர் அக்கா,” என்று மச்சினி திரையில் விரலை வைத்தாள். “இது நாலாம் நம்பர் கண்டக்டர். இவங்க எல்லாரும் எனக்குத் தெரியும் அத்தான். எதுக்கு மனுன்னாலும் கடைசி நாள் கியூவுல ஒண்ணா நிப்போம். பேனா இல்லாதவங்களுக்குப் பேனா குடுப்போம், பசை இல்லாதவங்களுக்குப் பசை குடுப்போம்.”

மனைவி குனிந்து ஒன்றை உரக்கப் படித்தாள். “‘கணினி அறையில் உட்கார்ந்திருப்பவருக்குக் காலண்டர் பார்க்கத் தெரியுமா?’ யாருங்க இது, நல்லா எழுதியிருக்காரு.”

“படிக்காதே.”

“‘தயவு செய்து தூங்கி எழுந்து பதில் போடவும்.’”

“படிக்காதேன்னு சொல்றேன்ல.”

மேனேஜர் அறை வாசலில் ஒரு கண்ணாடிச் சட்டம் தொங்கியது. ‘இரண்டு ஆண்டுகளாகப் புகார்: பூஜ்யம்.’ அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொல்லி யோசனை கொடுத்ததும் அட்வான்ஸ்தான்.

அட்வான்ஸ் மனுக்களின் அட்டவணைக்குத் திரும்பிப் போனான். அவன் விரல் அவளுடைய வரியின் மேலேயே நின்றது. தேதியில் ஒரே ஒரு நாளைக் குறைத்தால் போதும். முப்பது என்று போட்டுவிட்டால் அவள் உள்ளே. யாருக்கும் தெரியாது. தப்பும் வெளியே வராது, பூஜ்யமும் சட்டத்துக்குள்ளேயே இருக்கும்.

மச்சினி அவன் விரலைப் பார்த்துவிட்டாள். “என்ன யோசிக்கிறீங்கன்னு தெரியுது. வேண்டாம் அத்தான்.”

“நல்ல மனசுதான் உனக்கு.”

“மனசாவது மண்ணாவது. நான் முப்பதாம் தேதியே மனுப் போட்டேன்னு சொன்னா டிப்போவுல ஒருத்தராவது நம்புவாங்களா? அதுலயே மாட்டிக்குவீங்க.”

அவன் யோசித்துப் பார்த்தான். நம்ப மாட்டார்கள்தான்.

“அப்ப மேனேஜர்கிட்டச் சொல்லணும்,” என்றான். “நாளைக்கே.”

“என்னிக்கும் முந்திக்கிற ஆளு, இன்னிக்கே போன் பண்ணலாமே?” என்றாள் மனைவி.

“நாளைக்கு,” என்றான் அட்வான்ஸ். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை அவன் தள்ளிப்போட்டதை அக்காவும் தங்கையும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை மேனேஜர் கதையை முழுக்கக் கேட்டார். நடுவில் பேனாவை மூடி வைத்தார். அது நல்ல அறிகுறி இல்லை என்று அட்வான்ஸுக்குத் தெரியும்.

“விடுபட்டவங்கள்ல உங்க மச்சினி இருக்காங்க.”

“இருக்காங்க சார்.”

“அவங்களுக்காகத்தான் இந்த ஆராய்ச்சின்னு யாராவது சொன்னா?”

“சொன்னா உண்மைதான் சார். அவ வந்து கத்தலேன்னா நான் தொறந்தே பாத்திருக்க மாட்டேன். அடுத்த வருஷமும் பூஜ்யம்னுதான் ரிப்போர்ட் குடுத்திருப்பேன்.”

மேனேஜர் வாசல் பக்கம் திரும்பிக் கண்ணாடிச் சட்டத்தின் முதுகைப் பார்த்தார். “எங்க சம்பந்திகிட்டகூட இதைக் காட்டிப் பெருமையடிச்சேன்யா.”

“சார்.”

“சரி. புதன்கிழமை டெஸ்ட் அப்படியே நடக்கட்டும். விட்டுப்போனவங்களுக்கு வெள்ளிக்கிழமை தனியா ஒண்ணு. போன வருஷத்து ஆளுங்களும் வரலாம், மனுப் போட்ட அன்னிக்கு என்ன வயசோ அதுதான் கணக்கு. ஒவ்வொருத்தருக்கும் நீங்களே போன் பண்ணுங்க. யாரோ தப்புப் பண்ணிட்டாங்கன்னு சொல்லக் கூடாது. நான் தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லணும்.” கொஞ்சம் யோசித்தார். “போறப்ப அந்தச் சட்டத்தைக் கழட்டிட்டுப் போங்க. நீங்க மாட்டச் சொன்னதுதானே.”

இரண்டு நாள் போன் பண்ணினான். திட்டுவார்கள் என்று மனதைத் தயார் செய்துகொண்டுதான் எண்களை அழுத்தினான். திட்டியவர்கள் குறைவு. “அப்படியா சார்? நான்தான் லேட்டுன்னு நினைச்சேன்” என்றார்கள் ஒவ்வொருவரும். போன வருஷம் இதனாலேயே ஆசையை விட்டுவிட்டதாக ஒருத்தர் சிரித்துக்கொண்டே சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. காலண்டர் பார்க்கத் தெரியுமா என்று எழுதியவர் மட்டும், “இப்பக் கத்துக்கிட்டீங்களா?” என்று கேட்டார். கற்றுக்கொண்டதாக அவன் சொன்னான். கட்டளையையும் மாற்றினான். கடைசித் தேதி வரை என்பதற்குப் பதில், அதற்கு அடுத்த நாள் பிறப்பதற்கு முன்பு வந்த எல்லோரையும் கொடு என்று எழுதினான். பிறகு ஒரு பொய் ஆளை உண்டாக்கி, கடைசி நாள் கவுன்டர் மூடப் போகிற நேரத்தில் ஓடிவர வைத்தான். அந்த ஆளுக்கு மச்சினி பெயரையே வைத்தான். வந்தாள், உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை மதியம் டிப்போவின் பின்பக்க மைதானத்தில் டெஸ்ட் நடந்தது. டெஸ்ட் எடுத்தவர் டிப்போவிலேயே மூத்த டிரைவர். எல்லோரும் அவரைப் ‘பிரேக்’ என்பார்கள். பேச்சும் அப்படித்தான், ஓடிக்கொண்டே இருந்து சடாரென்று நிற்கும். ஒரு கம்பத்தை நட்டு அதுதான் பஸ் நிறுத்தம் என்றார். ஷெட் சுவரில் பெரிய கடிகாரம். யார் எப்போது கிளம்ப வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார். “சொன்ன நேரத்துக்குக் கிளம்பணும். முன்னாடி கிளம்புறவன் டிரைவர் இல்ல. பயணியை ரோட்டுல விட்டுட்டு ஓடுறவன்.” நிறுத்தினார்.

வண்டி காலியாக ஓடக்கூடாது என்று ஆட்களை ஏற்றி உட்கார வைத்தார்கள். அட்வான்ஸும் பயணி. மேனேஜர் உத்தரவு. அடுத்தடுத்து ஒவ்வொருவராக ஓட்ட, தான் இரண்டு வருஷம் வெளியே நிறுத்தி வைத்திருந்தவர்களின் கையில் தன் உயிரைக் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

மச்சினியின் முறை நாலு மணிக்கு. அவள்தான் கடைசி. வேறு எப்படி இருக்கும்?

அதற்கு முந்தியவர் இறங்கும்போது மதிப்பெண் தாள் தீர்ந்துவிட்டது. “ஓடிப்போய் ஒண்ணு எடுத்துட்டு வாங்க. அந்தம்மாவுக்கு எதுல மார்க் போடறது?” என்றார் பிரேக். அட்வான்ஸ் அலுவலகத்துக்கு ஓடினான். பிரின்டர் காகிதத்தைக் கடித்துப் பிடித்துக்கொண்டது. இழுத்தான். கிழிந்தது. மறுபடி போட்டான். அது தன் பாட்டுக்கு முனகி, யோசித்து, ஒரு தாளைக் கடைசியில் துப்பியது. அதைப் பிடுங்கிக்கொண்டு, படியில் தடுக்கி, மைதானத்துக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்தான். முள் நாலில்தான் நின்றது. பஸ் கம்பத்தருகே நின்றது. நேரம் இருந்தது.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு மூடியது. வண்டி நகர்ந்தது.

“ஏய்! நில்லு!” தாளை ஆட்டிக்கொண்டு ஓடினான். பக்கவாட்டுக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அவளும் அவனைப் பார்த்தாள், சந்தேகமே இல்லை. புருவத்தை மட்டும் உயர்த்திவிட்டு, கியர் மாற்றி, வளைவில் அழகாகத் திரும்பிப் போனாள். ஷெட்டின் நிழலில் உட்கார்ந்திருந்த கடைசி நாள் கூட்டம் கைதட்டியது. வண்டி ஓட்டியதற்கா, அவன் ஓடியதற்கா என்று தெரியவில்லை.

பின்னோக்கி எடுத்தாள், சரிவில் நிறுத்திக் கிளப்பினாள், குறுகலான இரண்டு டிரம்களுக்கு நடுவில் உரசாமல் நுழைந்தாள். லாரிக்காரர் திட்டிய திட்டெல்லாம் வீண் போகவில்லை. அவன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி பார்த்துக்கொண்டு நின்றான். வண்டி ஒரு சுற்று முடித்து வந்து, முன்கதவு சரியாக அவன் மூக்குக்கு நேரே வரும்படி நின்றது. கதவு திறந்தது.

“நாலு மணி வண்டிக்கு நாலு மணிக்குத்தானே வந்தேன்!” என்றான்.

“நாலுங்கறது நாலு பொறக்கிற அந்த ஒரு நொடிதான் அத்தான்.” ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்காமலே சொன்னாள். “அதுக்கு அப்புறம் வர்றவங்கெல்லாம் லேட்டு. எங்க டிப்போவுல ரெண்டு வருஷமா அதான் சட்டம்.”

பின்னால் இருந்த பயணிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முன் இருக்கையில் இருந்த பிரேக் ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தார். “என்னம்மா, இவரு உனக்குத் தெரிஞ்சவரா?”

“தெரியல சார். யாரோ லேட்டா வர்ற ஆளு.”

அட்வான்ஸ் தாளை நீட்டினான். பிரேக் அதை முழங்காலில் வைத்து மேலிருந்து கீழ்வரை வரிசையாக எழுதினார். அவர் எழுதும்வரை அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. கடைசி வரியில் ‘தேர்ச்சி’ என்று எழுதி அடிக்கோடு போட்டார். விரல்கள் தளர்ந்தன. அவள் மூச்சை விட்டது வாசல்படிவரை கேட்டது.

பிரேக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை நிறுத்தினார். “தேதி போடணும். பக்கத்துல நேரமும் போடணுமா?” என்று, கணினி அறைக்காரன் என்பதால் அட்வான்ஸைக் கேட்டார்.

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“தேதி மட்டும் போடுங்க சார். நேரத்தைச் சேத்தா இவரு என்னைத் தூக்கிடுவாரு.”